மெய்ட் கஃபேக்கு முதல் தடவை போகிறீர்களா? டோக்கியோவின் அகிஹபாராவில் வெட்கத்தைக் கழற்றி வைக்க ஒரு முழு வழிகாட்டி

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே கறுப்பு கவுன், வெள்ளை ஏப்ரன், தலையில் வெள்ளை லேஸ் பட்டை சகிதம் ஒரு பெண் நின்றிருந்தார். கைகளை முன்னால் கோத்துக் குனிந்து, நான் ஏதோ காலையில் வேலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்புகிற மாதிரி, "ஒகாயெரினசைமாசே, கோஷுஜின்-சாமா!" என்றார். 'வீட்டுக்கு வந்துட்டீங்களா எஜமான், வாங்க வாங்க' என்று அர்த்தம். வேறு யாரையாவது சொல்கிறாரா என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கூட வந்த நண்பன் செந்தில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடமாக அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன், பார்க்கிறவன் நான். இந்த வாக்கியத்தை சப்டைட்டிலோடு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அதை என் முகத்தைப் பார்த்து ஒருவர் சொன்னபோது வாயில் பதில் வரவில்லை, அசட்டுச் சிரிப்புதான் வந்தது. அந்த அசட்டுச் சிரிப்போடு நீங்களும் நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெய்ட் கஃபே என்பது வேடிக்கை பார்க்கிற இடம் என்று நினைத்துப் போனால் கொடுத்த காசு வீண். உங்களுக்கும் அங்கே ஒரு வேஷம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால்தான் சுவாரசியம்.

போவதற்கு முன்: இது என்ன மாதிரி இடம்?

ஊரில் பேச்சை எடுத்தாலே ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள், அதனால் இதைத் தெளிவாகவே சொல்கிறேன். மெய்ட் கஃபே ஒரு சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிறவர்கள் பணிப்பெண் வேடத்தில் இருப்பார்கள், நீங்கள் அந்த மாளிகையின் எஜமான். பெண்ணாக இருந்தால் 'ஒஜோ-சாமா', அதாவது சீமாட்டி, இளவரசி என்கிற மாதிரி. அவ்வளவுதான் கதை. யாரும் யாரையும் தொடமாட்டார்கள், யாரும் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரமாட்டார்கள்.

உட்காராததற்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் 1948-இல் வந்த கேளிக்கைத் தொழில் சட்டப்படி, வாடிக்கையாளர் அருகில் உட்கார்ந்து, மது ஊற்றிக் கொடுத்து, அவருக்கு மட்டும் பேச்சுத்துணையாக இருக்கிற கடைகளுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதில் கெடுபிடி அதிகம். வழக்கமான மெய்ட் கஃபேக்கள் சாதாரண உணவக அனுமதியில் ஓடுகின்றன. அதனால் மெய்ட்கள் நின்றபடி பேசுவார்கள், அல்லது மேசைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உங்கள் கண்மட்டத்துக்கு வந்து காபியில் சர்க்கரை கலக்கித் தருவார்கள். பார்க்க ரொம்பப் பணிவாகத் தெரிகிற அந்த முழங்காலுக்குப் பின்னால் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வரலாறு சுருக்கமாக. 1990-களின் கடைசியில் ஒரு கணினி விளையாட்டில் வரும் உணவகத்தை நிஜத்தில் அமைத்து, அதில் வருகிற உடுப்போடு பரிமாறிய தற்காலிகக் கடைகள்தான் விதை. நிரந்தரமான முதல் மெய்ட் கஃபே 2001 மார்ச்சில் அகிஹபாராவில் திறந்த கியூர் மெய்ட் கஃபே. அது அமைதியான இடம், பழைய இங்கிலாந்து மாளிகைப் பாணி, ஆட்டம் பாட்டம் கிடையாது. 2004-இல் அட்-ஹோம் கஃபே வந்த பிறகுதான் பாட்டு, விளையாட்டு, மந்திரம் எல்லாம் பெரிதாகப் பிடித்துக்கொண்டது. 2005-இல் ரயிலில் சந்தித்த பெண்ணை விரும்பும் ஓர் ஒட்டாகு (அனிமே, படக்கதை என்றே கிடக்கிறவன்) இளைஞனின் கதையான 'தென்ஷா ஒத்தோகோ' படமாகவும் டிவி தொடராகவும் வந்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே வருடம் அங்கே ஆண்டின் முதல் பத்துப் பிரபலச் சொற்களில் 'மொயே' இடம்பிடித்தது. அனிமே கதாபாத்திரத்தைப் பார்த்ததும் உள்ளே பொங்குகிற ஒரு செல்லப் பாசம்தான் மொயே. ஒட்டாகுகளின் ரகசியப் பாஷையாக இருந்த சொல் அப்படித்தான் வீட்டுத் தாத்தா பாட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 2008-இல் மெய்ட்ரீமின் வந்தது; இன்று அகிஹபாராவிலேயே அதற்குப் பல கிளைகள், பாங்காக்கில்கூடக் கடை போட்டார்கள்.

அனிமே ரசிகனுக்கு இதில் அப்படி என்ன?

படியெல்லாம் பிறகு, முதலில் இது. ஏனென்றால் இது புரியாவிட்டால் செந்தில் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த மெய்ட் உடுப்பு நிஜமான வேலைக்காரி உடுப்பைப் பார்த்துத் தைத்தது கிடையாது. இங்கிலாந்துப் பணிப்பெண்ணை மாங்காக்காரர்கள், அதாவது ஜப்பானியப் படக்கதை ஓவியர்கள், வரைந்தார்கள், வரைய வரையப் பாவாடை குட்டையானது, லேஸ் கூடியது, சில சமயம் பூனைக் காதும் முளைத்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்த உடுப்பைத் தைத்தார்கள். அதாவது காகிதத்திலிருந்து இறங்கி வந்தவர் உங்கள் முன்னால் தண்ணீர் வைக்கிறார். இந்த மாதிரி விஷயங்களை ஜப்பானில் '2.5 பரிமாணம்' என்பார்கள். அனிமே தட்டையானது, இரண்டு பரிமாணம். நாம் வாழ்வது மூன்று. இது நடுவில் எங்கேயோ.

ஆனால் என்னைக் கேட்டால் உடுப்பைவிட அந்த வரவேற்பு வார்த்தைதான் விஷயம். எந்த அனிமேயை எடுத்தாலும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே "ததைமா" என்பான், வந்துட்டேன் என்று. உள்ளேயிருந்து அம்மாவோ தங்கையோ "ஒகாயெரி" என்பார்கள். இந்த இரண்டு வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருப்போம். ஒரு தடவைகூட நமக்கு யாரும் சொன்னதில்லை, சொல்ல வழியும் இல்லை, நாம் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். மெய்ட் கஃபே வாசலில் அந்தத் திரை இல்லை. அதே வார்த்தை, அதே குரல் ஏற்றம், உங்களைப் பார்த்து. அகிஹபாராவில் தினமும் வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகிற நடுத்தர வயதுக்காரர்களைப் பார்த்தபோது, அவர்கள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருகிறார்களோ என்று தோன்றியது. கடைக்குப் 'போவது' என்றே அங்கே சொல்வதில்லை, 'வீடு திரும்புவது' என்றுதான் சொல்கிறார்கள்.

அதனால் முதல் பாடம்: அவர் "ஒகாயெரினசைமாசே" என்றதும் நீங்கள் "ததைமா!" என்று சொல்லுங்கள். அவர் முகம் மலர்வதைப் பாருங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள இரண்டாவது கடை வரை ஆனது.

படி 1: எந்த மாதிரிக் கடை என்று முடிவு செய்யுங்கள்

முதல் தடவை என்றால் பெரிய சங்கிலிக் கடையே நல்லது, அட்-ஹோம் அல்லது மெய்ட்ரீமின். உண்மையான ரசிகன் இங்கெல்லாம் போகமாட்டான், இது சுற்றுலாக்காரர்களுக்கு என்று சிலர் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆங்கில மெனு இருக்கும், விலை எழுதியிருக்கும், விதிமுறையை அட்டையில் காட்டி விளக்குவார்கள், நீங்கள் முழிப்பது அவர்களுக்குப் பழக்கம்.

சத்தம் பிடிக்காது, தேநீரும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டு ஒரு பழைய மாளிகையில் உட்கார்ந்த மாதிரி இருந்தால் போதும் என்றால் கியூர் மெய்ட் மாதிரியான செவ்வியல் பாணிக் கடை. இங்கே மெய்ட்களின் பாவாடை கணுக்கால் வரை நீளம், பேச்சு மெதுவாக.

மூன்றாவது வகை 'கொன்கஃபே' என்கிறார்கள். ஏதாவது ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு நடத்துகிற சின்னக் கடைகள்: கோயில் பணிப்பெண், பேய், மருத்துவமனை, என்னென்னவோ. சில அருமையாக இருக்கும். சில பெயருக்குத்தான் கஃபே, நிஜத்தில் மது விற்கிற பார். மெய்ட்டுக்கு நீங்கள் ஒரு கிளாஸ் வாங்கித் தர வேண்டும், அந்தக் கிளாஸ் விலை உங்கள் இரவுச் சாப்பாட்டு விலை. மொழி தெரியாமல் முதல் நாளே இதில் இறங்காதீர்கள்.

பெண்கள் தயங்கவே வேண்டாம். நாங்கள் போன அன்று பக்கத்து மேசையில் நான்கு பெண்கள் இருந்தார்கள், கடையிலேயே அதிகச் சத்தம் அவர்களுடையதுதான். வேடம் மாறிப் பார்க்க வேண்டும் என்றால் டோக்கியோ இகெபுகுரோவில் ஸ்வாலோடெயில் என்ற பட்லர் கஃபே 2006 முதல் இருக்கிறது, கோட்டுப் போட்ட பட்லர்கள் உங்களை இளவரசியாக உபசரிப்பார்கள். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒசாகாவில் இருப்பவர்கள் நிப்பொன்பாஷி பக்கமும், நகோயாவில் இருப்பவர்கள் ஒசு கடைவீதிப் பக்கமும் போனால் அங்கேயும் மெய்ட் கஃபேக்கள் உண்டு.

படி 2: போய்ச் சேர்வது, எப்போது போவது

டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து யமனோதே லைனில் இரண்டாவது நிறுத்தம் அகிஹபாரா. வெளியே வரும்போது 'எலக்ட்ரிக் டவுன்' என்று பலகை போட்ட வாசலைப் பிடியுங்கள், எதிர்ப்பக்கம் போனால் வேறெங்கோ போய்விடுவீர்கள். கடைகள் காலை 11 மணியை ஒட்டித் திறந்து இரவு 10 வரை இருக்கும்.

வார நாளில் மதியம் 2-லிருந்து 4-க்குள் போனால் கூட்டம் குறைவு, மெய்ட்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். சனி ஞாயிறு என்றால் பிரபலமான கடையில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம், சில நேரம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு மதியம் சுவோ-தோரி பெருஞ்சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் திறந்துவிடுவார்கள், நடுரோட்டில் நடக்கிற அந்தச் சுகத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை போகலாம். எதை விரும்புகிறீர்களோ அது.

இப்போது ஓர் எச்சரிக்கை. தெருமுனைகளில் மெய்ட் உடுப்பில் பெண்கள் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். சீட்டு வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று கூடவே நடந்து வந்தால் போகாதீர்கள். தெருவில் ஆள் பிடிப்பதற்குத் தடை இருக்கிறது, அதற்குத் துணிகிற கடை பில்லில் என்ன எழுதும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அப்படி ஒருவர் பின்னால் போய், ஒரு சந்துக் கட்டடத்தின் மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில், இரண்டு கோலாவும் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு நாங்கள் கொடுத்த காசுக்கு முதல் நாள் கடையில் மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். உட்காரும் கட்டணம், சேவைக் கட்டணம், ராத்திரிக் கட்டணம் என்று வரி வரியாக எழுதியிருந்தது. செந்தில் இன்றுவரை அந்த பில்லைப் பர்ஸில் வைத்திருக்கிறான்.

கடையை வீட்டிலேயே தேர்ந்தெடுங்கள், மேப் பார்த்து நேராகப் போங்கள். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது மாடியில் இருக்கும், கீழே பலகை மட்டும் தெரியும்.

அப்புறம், தெருவில் நிற்கிற மெய்ட்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். முகத்தை மூடிக்கொள்வார்கள். உங்களுக்குத்தான் சங்கடம்.

படி 3: எவ்வளவு ஆகும்

மூன்று செலவு. ஒன்று உட்காரும் கட்டணம், ஒரு மணி நேரத்துக்கு தோராயமாக 500-லிருந்து 900 யென். இரண்டு, ஆளுக்குக் கட்டாயமாக ஒரு ஆர்டர். பானம் என்றால் 600 முதல் 900, ஓமுரைஸ் (ஆம்லெட் போர்த்திய சோறு) என்றால் 1,200 முதல் 1,600 வரை பிடியுங்கள். மூன்று, செக்கி எனப்படும் போட்டோ, அது 600-க்கு மேல் 1,000 வரை. சாப்பாடு, பானம், போட்டோ எல்லாம் சேர்த்து செட்டாகவும் விற்பார்கள், முதல் தடவைக்கு அந்த செட்தான் லாபம். மொத்தத்தில் ஆளுக்கு 3,000 முதல் 4,500 யென் கையில் இருந்தால் நிம்மதி. 100 யென் கிட்டத்தட்ட 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்குப் பக்கத்தில் வரி தனி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பத்து சதவீதம் கூடும். ஒரு மணி தாண்டினால் இன்னொரு உட்காரும் கட்டணம் விழும். நேரம் முடியப் போகிறது என்று வந்து சொல்வார்கள், இருந்தாலும் நீங்களும் கடிகாரத்தைப் பாருங்கள். டிப்ஸ் கிடையவே கிடையாது. மேசையில் சில்லறை வைத்துவிட்டு வந்தால் படிக்கட்டு வரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

அந்தச் சாப்பாடு அந்த விலைக்குத் தகுமா என்று கேட்டால், தகாது. அதே ஓமுரைஸ் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் பாதி விலைக்கு, இன்னும் ருசியாகக் கிடைக்கும். நீங்கள் கொடுப்பது நாடகத்துக்கான டிக்கெட் காசு.

படி 4: உள்ளே நுழைந்ததும்

"ததைமா!" சொல்லியாகிவிட்டது. எத்தனை பேர் என்று கேட்பார்கள், விரல் காட்டினால் போதும். உட்கார வைத்து விதிமுறை அட்டையைக் காட்டுவார்கள். பெரும்பாலும் எங்கும் ஒரே மாதிரிதான்: மெய்ட்டைத் தொடாதே, மெய்ட்டைப் போட்டோ எடுக்காதே, போன் நம்பரோ சொந்த விவரமோ கேட்காதே, வேலை முடிந்து வருகிறவருக்காக வெளியே காத்திருக்காதே. சாப்பாட்டைப் படம் எடுக்கலாம், பின்னணியில் யாரும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில கடைகளில் ஒரு சின்ன மின்மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து வைத்து, மூன்று எண்ணி ஊதச் சொல்வார்கள். அது எரிந்தால் கனவு நாட்டுக்குள் வந்துவிட்டதாக அர்த்தம். தலையில் மாட்ட முயல் காது, பூனைக் காது கொடுப்பார்கள். மாட்டிக்கொள்ளுங்கள், கடையில் எல்லோர் தலையிலும் இருக்கும், மாட்டாதவன்தான் தனியாகத் தெரிவான். நாங்கள் போன கடையில் கறிவேப்பிலை மாதிரித் தனியாகத் தெரிந்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெய்ட்டைக் கூப்பிட சில கடைகளில் மணி இருக்கும். சில கடைகளில் இரண்டு கையையும் பூனைப் பாதம் மாதிரி மடக்கி "நியான் நியான்" என்று கூப்பிட வேண்டும். ஜப்பானில் பூனை மியாவ் என்று கத்தாது, நியா என்றுதான் கத்தும். கழிப்பறை எங்கே என்று கேட்டால் சில இடங்களில் "பூப்பறிக்கப் போகிறீர்களா?" என்பார்கள். அது அவர்கள் ஊர் பழைய இடக்கரடக்கல்தான், புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

படி 5: ஓமுரைஸ், கெட்சப், மந்திரம்

இதுதான் கச்சேரியில் தனி ஆவர்த்தனம். ஓமுரைஸ் என்றால் கெட்சப் போட்டு வதக்கிய சோற்றை மெல்லிய ஆம்லெட்டால் போர்த்தியது. தட்டு வந்ததும் மெய்ட் கெட்சப் பாட்டிலோடு வருவார். என்ன வரையட்டும் என்று கேட்பார்.

நான் பூனை என்றேன். பாட்டிலைக் கவிழ்த்து, முட்டைக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து, முதலில் இரண்டு காது, அப்புறம் முகத்தின் வளைவை ஒரே இழுப்பில், பிறகு கண்ணுக்கு இரண்டு சொட்டு, மூன்று மூன்றாக மீசை. கெட்சப் முட்டையின் சரிவில் வழிவதற்குள் முடிக்க வேண்டும், அதனால் பேச்சை நிறுத்திவிட்டார், நாக்கு நுனி மட்டும் உதட்டோரம் எட்டிப் பார்த்தது. முடித்ததும் பாட்டில் வாயைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி கனவு நாட்டுக் குரலுக்கு மாறினார். அந்த அரை நிமிடம் அவர் வேடத்தில் இல்லை, வேலையில் இருந்தார். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

செந்திலிடம் கேட்டபோது அவன் எதுவும் சொல்லாததால் பெயரையாவது எழுதட்டுமா என்று கேட்டார். ஜப்பானிய எழுத்தில் 'ல்' கிடையாது, அதனால் அவன் 'செந்திரு' ஆனான். செந்திருவின் 'ரு' இடம் போதாமல் தட்டின் விளிம்பு வரை போனது. உங்கள் பெயர் நீளமாக இருந்தால் இரண்டெழுத்தில் ஒரு செல்லப் பெயரை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். படம் கேட்பதாக இருந்தால் முயல், பூனை, கரடி மாதிரி எளிதாகக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த கதாநாயகனின் முகத்தை முழுக் கவசத்தோடு வரையச் சொல்லிப் பாவம் அந்தப் பெண்ணைப் படுத்தாதீர்கள்.

பிறகு மந்திரம். இரண்டு கையையும் சேர்த்து இதயம் மாதிரி பிடித்து, தட்டைப் பார்த்து, "ஒய்ஷிகு நாரே, மொயே மொயே க்யுன்!" என்று சொல்ல வேண்டும். முதல் பாதிக்கு 'ருசியாக ஆகு' என்று அர்த்தம். 'க்யுன்' என்பது நெஞ்சைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும்போது சொல்கிற ஒலிக்குறிப்பு, நாம் ஜிவ்வென்று இருக்கிறது என்போமே, அந்த மாதிரி. 'க்யுன்' சொல்லும்போது கை இதயத்தைத் தட்டை நோக்கி நீட்ட வேண்டும்.

எல்லோரும் தயங்குகிற இடம் இது. அடிக்குரலில் முணுமுணுத்தால் மெய்ட் விடமாட்டார், "இன்னும் மந்திரம் ஏறவில்லையே" என்று மறுபடி சொல்லச் சொல்வார். முதல் தடவையே உரக்கச் சொல்லிவிட்டால் ஒரே தடவையோடு முடிந்துவிடும், இது அனுபவசாலி சொல்வது. முதல் நாள் முதல் காட்சியில் பேப்பர் கிழித்துப் பறக்கவிடுகிறவனிடம் போய் ஏன் என்று யாராவது கேட்கிறோமா? அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்தான் வித்தியாசமாகத் தெரிவான். அதே கணக்கு.

சைவக்காரர்களுக்கு: ஓமுரைஸ் உள்ளே பெரும்பாலும் கோழித் துண்டு இருக்கும். மேலே பழுப்பு நிறச் சாஸ் ஊற்றினால் அதில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். கறி ரைஸ் எனப்படும் குழம்புச் சோற்றின் மசாலாக் கட்டியிலும் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு உண்டு. 'ஹம்பாகு' என்பது மாடும் பன்றியும் கலந்த கொத்துக்கறி. "நிகு நாஷி" என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம், ஆனால் முன்பே கலந்து வைத்ததை அவர்களால் பிரித்தெடுக்க முடியாது. பானம், ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவலோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பர்ஃபேயில் (கிளாஸில் அடுக்கிய ஐஸ்கிரீம் இனிப்பு) ஜெல்லி இருந்தால் அதில் ஜெலட்டின் இருக்கலாம். பானத்துக்கும் மந்திரம் உண்டு, தப்பிக்க முடியாது. சில கடைகளில் காக்டெயில் கலக்கும் குடுவையைக் குலுக்கிக்கொண்டே பாட்டுப் பாடுவார்கள், நீங்களும் சேர்ந்து பாட வேண்டும்.

படி 6: பேச்சு

இதில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். ஊர் எது, வயசு என்ன, என்ன படிக்கிறீர்கள், மாதம் எவ்வளவு சம்பளம்: நமக்குப் பழக்கமான நலம் விசாரிப்பு எல்லாமே அங்கே விதிமீறல். ஊர் எது என்று கேட்டால் கனவு நாடு என்று பதில் வரும், அதுதான் அவருடைய வசனம், அதைப் பிடித்துக்கொண்டு "அங்கிருந்து இங்கே எந்த ரயில்?" என்று கேளுங்கள், பேச்சு எங்கேயோ போகும். அவர் பகுதி நேரமாக வேலை பார்க்கிற கல்லூரி மாணவியாக இருக்கலாம், அந்தப் பெயரும் கடைக்கு மட்டுமான பெயராக இருக்கலாம். அதைத் தோண்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

எல்லோருக்கும் ஓடுகிற பேச்சு ஒன்று உண்டு: உங்கள் 'ஒஷி' யார்? ஒஷி என்றால் நீங்கள் உயிரைக் கொடுத்து ஆதரிக்கிற கதாபாத்திரமோ பாடகரோ. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் அனிமேப் பெயர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. நான் பையில் தொங்கவிட்டிருந்த சாவிக்கொத்துப் பொம்மையைப் பார்த்ததும் அவர் வேடத்தையே ஒரு நொடி மறந்து கத்திவிட்டார். அதன் பிறகு ஐந்து நிமிடம் வெறும் பெயர்களையும் சைகைகளையும் வைத்தே பேசிக்கொண்டிருந்தோம். உங்களிடம் அப்படி ஒரு பேட்ஜோ சாவிக்கொத்தோ இருந்தால் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிக்கொண்டு போங்கள், ஆயிரம் வார்த்தைக்குச் சமம்.

ஒரே மெய்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு நான்கைந்து மேசை இருக்கும்.

படி 7: செக்கி

ஃபியூஜிஃபில்ம் 1998-இல் விட்ட உடனடி கேமராவுக்கு ஜப்பானில் பெயர் செக்கி, நம் ஊரில் இன்ஸ்டாக்ஸ் என்று விற்கிறதே அதுதான். உள்ளே போட்டோ எடுக்க உங்களுக்கு இருக்கிற ஒரே வழி காசு கொடுத்து இதை எடுப்பது. எந்த மெய்ட்டோடு என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பேசிப் பழகியவரைச் சொல்வதுதான் மரியாதை. பின்னணித் திரைக்கு முன்னால் நிற்க வைத்து எப்படிக் கையை வைக்க வேண்டும் என்று காட்டுவார். அவர் பாதி இதயம், நீங்கள் பாதி இதயம், நடுவில் இடைவெளி. கைகள் ஒட்டாது. தோளில் கை போட நினைக்காதீர்கள்.

எடுத்த படத்தை உடனே தரமாட்டார்கள். எடுத்துக்கொண்டு போய் வண்ணப் பேனாவால் தேதி, உங்கள் பெயர், நட்சத்திரம், பூனை எல்லாம் வரைந்து கொண்டுவருவார்கள். அந்த அட்டைதான் உங்கள் நினைவுப் பொருள்.

இடையில் விளக்கை மங்கலாக்கிவிட்டு யாராவது மேடையேறிப் பாடி ஆடினால் கையில் ஒளிரும் குச்சி கொடுப்பார்கள். முன்வரிசையில் இருக்கிற பழைய வாடிக்கையாளர்களைப் பார்த்து ஆட்டுங்கள், அவர்களுக்கு எந்த வரியில் எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று மனப்பாடம். மேடைப் பக்கம் போனை நீட்டாதீர்கள்.

படி 8: கிளம்புவது

நேரம் முடிந்ததும் பில் வரும். பெரிய கடைகளில் கார்டு எடுப்பார்கள், ஆனாலும் ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள். முதல் தடவை வந்ததற்கு ஓர் உறுப்பினர் அட்டை கொடுப்பார்கள், எஜமானர் என்று சான்றளிக்கிற அட்டை. திரும்பத் திரும்ப வந்தால் தகுதி உயரும், சலுகையும் கூடும். எனக்குக் கிடைத்தது கடைசித் தகுதி. பக்கத்து மேசைப் பெரியவர் தன் அட்டையைத் தூக்கிக் காட்டினார், அதன் நிறமே வேறு.

வாசலில் மறுபடி குனிந்து "இத்தெராஷ்ஷாய்மாசே" என்பார்கள். கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சொல்கிற நன்றி இல்லை இது. வீட்டிலிருந்து கிளம்புகிறவருக்குச் சொல்வது, 'போயிட்டு வாங்க'. இதற்குப் பதில் "இத்தெகிமாசு", போயிட்டு வரேன். நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், 'போறேன்' என்றால் வீட்டில் அடி விழும் ஊரில்தானே வளர்ந்தோம்.

நான் "இத்தெகிமாசு" சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினேன். ஒரு மணி நேரமாக முயல் காது மாட்டாமல், மந்திரம் சொல்லாமல், ஓமுரைஸை மட்டும் கொறித்துக்கொண்டிருந்த செந்தில் பின்னாலேயே வந்தான். கதவு மூடுகிற நேரத்தில் அவன் கையைத் தூக்கி, தமிழிலேயே, "போயிட்டு வரேங்க" என்றான். வாசலில் நின்ற மெய்ட்களுக்கு என்ன புரிந்ததோ, மூன்று பேரும் சேர்ந்து இன்னொரு தடவை குனிந்தார்கள்.